இரண்டாவது குப்பியின் ஒரே சாட்சிக்கு

சரக்குப் பெட்டக முனையத்தின் முதலுதவி அறையில், மேலாளர்கள் மாறி மாறி வந்து போன காலமெல்லாம் தாம் மாறாமல் நின்று, நசுங்கிய விரலுக்குக் கட்டும், காய்ந்த நெற்றிக்கு ஈரத்துணியும், கலங்கி வந்த கண்ணுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு காதும் கொடுத்து, இன்று பணி நிறைவுற்று இல்லம் ஏகும் எங்கள் அன்பிற்கும் அச்சத்திற்கும் உரிய செவிலியர் அக்கா அவர்களுக்கு, அனைத்துப் பிரிவுப் பணியாளர்களும் அன்போடும், அன்பைவிடச் சற்றே மிகுந்த ஆத்திரத்தோடும் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

கையுறை அணிந்த கருணையே!

இத்தகைய மடல்களில், பெறுபவர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை என்றும், கோபமென்பதே அவருக்கு வந்ததில்லை என்றும் எழுதுவது வழக்கம். தாங்கள் தாமதமாக வந்ததுண்டு. வாயிலில் நுழையும் முன்பே ஒருவர் நாக்கை நீட்டிக் காட்ட, இன்னொருவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக் காட்ட, அத்தனை பேரையும் பார்த்து முடித்துத் தாங்கள் வருகை அட்டை தேய்க்கும்போது நேரம் தாண்டியிருக்கும். கோபமும் தங்களுக்கு வரும். வந்துவிட்டால், ஜன்னல் கம்பியில் காயும் துணிகூட ஆடாமல் நிற்கும். அந்தக் கோபத்துக்குத்தான் இந்த விழா. மேடையில் உள்ள பூங்கொத்தும் சுவர்க்கடிகாரமும் நிர்வாகம் தந்தவை. அவற்றுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை.

போதையின் போக்கறிந்த புலமையே!

‘போதையற்ற பணியிடம்’ என்னும் திட்டம் இம்முனையத்துள் அடியெடுத்து வைத்த நாளில் பெருங்கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. பணியாளர் நல மேலாளர், வாழ்த்துரையானாலும் இரங்கலுரையானாலும் திரையில் படம் ஓட்டாமல் வாய் திறந்தறியாதவர், ஆதலால் எங்களால் ‘ஸ்லைடு சார்’ என்று செல்லமாக அழைக்கப்படுபவர், போதைப் பழக்கத்தின் இன்றைய போக்குகளை எங்களுக்கு விளக்கினார். பச்சைக் கோடு கஞ்சா என்றார், அது இறங்கிற்று. நீலக் கோடு மாத்திரை என்றார், அது ஏறிற்று. சிவப்புக் கோடு ஒன்று ஏறிக்கொண்டே போய்ப் படத்தின் சட்டத்தையும் தாண்டி வெளியே ஓடிற்று. அது என்ன சார் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். அடுத்த படத்தில் வரும் என்றார். அடுத்த படத்தில் சூரிய உதயமும் ‘நன்றி’யும் வந்தன.

அந்தக் கோடுகள் யாவும் தங்கள் அறை வாசலில் உள்ள மரப்பெஞ்சில் எங்கள் உருவில் உட்கார்ந்திருந்தவைதாமே! முன்பு, காலையிலேயே வாய் மணக்க வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களை எந்தக் கருவியும் இன்றி மூக்காலேயே கண்டுபிடித்து, கிரேன் பக்கம் போகவிடாமல் வீட்டுக்கு அனுப்பினீர்கள். பிறகு பெட்டக அடுக்குகளுக்குப் பின்னால் கஞ்சாப் புகை எழுந்த காலம் ஒன்று வந்தது. வேலை நேரத்தை நீட்டிய பிறகு வந்ததோ வேறு வகை. தூங்காமலிருக்க ஒரு மாத்திரை, தூங்காமல் இருந்தவன் வீட்டுக்குப் போய்த் தூங்குவதற்கு இன்னொரு மாத்திரை, முதுகுக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று, இருமலே இல்லாதவர் சட்டைப்பையில் இருமல் மருந்து. இன்றைய தலைமுறை இன்பத்தைத் தேடிப் போய்ப் போதையில் வீழ்கிறது என்று திரையில் எழுதியிருந்தது. எங்களில் வீழ்ந்தவர்கள், மேடையில் இருக்கும் ஐயா, அடுத்த லாரி வரும்வரை கண்ணைத் திறந்து வைத்திருக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் போய் வீழ்ந்தவர்கள்.

அன்று தாங்கள் எழுந்து நின்று சொன்னதை இப்போதும் எங்களால் அப்படியே சொல்ல முடியும்.

“சார், இவங்க கெட்டுப்போறதுக்காக மாத்திரை போடல, வேலையில நிக்கிறதுக்காகப் போடறாங்க. ஷிஃப்டக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க, உங்க செவப்புக் கோடு தானா எறங்கி வரும்.”

வேலை நேரம் இத்திட்டத்தின் எல்லைக்குள் வராது என்றார் ஸ்லைடு சார். எங்கள் மூத்திரம் எல்லைக்குள் வந்தது; அதை இறக்கிவைக்க எங்களுக்கு ஓய்வு நேரம் உண்டா என்பது மட்டும் வரவில்லை. போன மாத விடுமுறையில் யாரோ இழுத்த ஒரு கஞ்சாப் புகையைப் பிடிக்கும், மூத்திரத்தில் முக்கும் அந்தச் சோதனை அட்டை, முந்தின இரவு மூச்சுமுட்டக் குடித்துவிட்டு வந்தவரை முத்துப்போல் சுத்தமானவர் என்று சான்றளித்து அனுப்பியது. இதற்குப் பெயர் பாதுகாப்பு!

கணினியின் கண்ணறிந்த காவலரே!

யாரைச் சோதிப்பது என்பதைக் கணினியே தேர்ந்தெடுக்கும் என்றார்கள். கணினிக்கு உற்றாரில்லை, உறவில்லை, வேண்டியவர் வேண்டாதவர் இல்லை என்றார்கள். உண்மைதான். ஆனால் கணினி, வாயிலில் அட்டை தேய்த்து நுழைபவர்களிலிருந்துதான் ஆளைப் பொறுக்கும். அதிகாரிகள் அட்டை தேய்ப்பதில்லை. அவர்களைக் கண்டால் வாயிற்கம்பி தானே எழுந்து சலாம் போடும். ஆகவே கணினியின் உலகில் அதிகாரி என்ற பிறவியே இல்லை. எங்கள் டீ மாஸ்டரோ மூன்று வாயில்களுக்கும் டீ கொண்டுபோய் நாளெல்லாம் அட்டை தேய்ப்பவர். கணினி அவர்மேல் தீராக் காதல் கொண்டது. அடிக்கடி அழைக்கப்பட்டதில் சலித்துப்போய், வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுவந்துவிடட்டுமா என்று ஒருநாள் அவர் பணிவோடு விண்ணப்பித்தார். இந்தக் குளறுபடியைத் தாங்கள் கூட்டத்தில் எடுத்துச் சொல்லி, முதல் பாட்டிலை நீங்க குடுங்க சார், நாங்க பின்னாலயே வர்றோம் என்று ஸ்லைடு சாரைப் பார்த்துச் சொன்னபோது, அவருக்குத் திடீரென்று ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மணி அடித்த சத்தம் எங்கள் ஒருவர் காதிலும் விழவில்லை.

மூடியிட்டு முத்திரையிட்ட நேர்மையே!

இனி, எந்த ஒன்றுக்காக இந்த மடலே எழுதப்பட்டதோ அதற்கு வருகிறோம். நம் மூன்றாம் கிரேன் ஓட்டுநரைப் பற்றி இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லோருக்கும் தெரிந்ததை எல்லோர் முன்பும் யாரும் சொன்னதில்லை. அவர் இப்போது இந்த அரங்கில் இல்லை. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவர் வாயிலுக்குள் வரக்கூடாது என்பதால், எதிர்ச்சாரி டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஒலிபெருக்கிகளில் ஒன்றை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். யாரும் போய்த் திருப்ப வேண்டாம்.

அந்தப் பருவத்தில் சரக்கு மலையாய்க் குவிந்திருந்தது. அதே பருவத்தில் அவருக்குச் சளியும் குவிந்தது. மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே தீப்பெட்டிகளாய்த் தெரியும் பெட்டகங்களைத் தூக்கி இறக்குகிறவனுக்குத் தும்மல் என்பது சாதாரண விஷயமில்லை; ஒரு தும்மலில் நாற்பதடிப் பெட்டகம் லாரியை விட்டு ஒரு முழம் தள்ளி உட்காரும். ஒருநாள் விடுப்புக் கேட்டார். யார்டு மேற்பார்வையாளர் தம் சட்டைப்பையிலிருந்து, நாலு மாத்திரை மீதியிருந்த ஓர் அட்டையை உருவி அவர் கையில் திணித்தார். அந்த வாரம் முழுக்க அவர் அப்படித்தான் நடமாடும் மருந்துக்கடையாய்த் திரிந்தார்.

“லீவெல்லாம் இப்பக் கேக்காதப்பா. இதுல ரெண்டு போட்டுட்டு மேல ஏறு, மூக்கு தன்னால அடங்கும்.”

காலையில் இரண்டு போட்டார். மதியம் இரண்டு போட்டார். மூக்கு அடங்கிற்று, பெட்டகங்கள் ஒன்றுகூடத் தள்ளி உட்காரவில்லை. மறுநாள் காலை கணினி அவரைத் தேர்ந்தெடுத்தது.

அவருக்குப் பயம் ஏதுமில்லை. பீடிகூடப் பிடிக்காதவர். டீயில் சர்க்கரை கூடினாலே முகம் சுளிப்பவர். தம் ஒழுக்கத்துக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கப்போகிறது என்கிற சின்னப் பெருமிதத்தோடுதான் அவர் தங்கள் அறைக்கு வந்தார். அந்தப் பெருமிதம் கழிவறை வாசலோடு நின்றுபோயிற்று. குழாய்கள் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. யாரும் தண்ணீரை மொண்டு கலந்துவிடக்கூடாது என்று பீங்கானுக்குள் நீலச்சாயம் கொட்டியிருந்தார்கள். காவலாளி ஒருவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, விதிப்படி, கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது ஆள் உயரத்தில் காற்றில் ஆடும் கூண்டுக்குள் கை நடுங்காதவருக்கு, இந்த நாலடி அறைக்குள் எல்லாமே உறைந்துபோயிற்று. தண்ணீர் குடித்தார். நின்றார். மறுபடி குடித்தார். நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமாகி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்ணுக்குத் தகப்பனுமான தாம், ஒரு காவலாளியின் பார்வைக்கு முன்னால் இப்படிக் குறுகி நிற்பதை நினைக்க நினைக்க, அவருக்கு வரவேண்டியது வராமல் கண்ணில்தான் வந்தது.

அப்போது பின்னாலிருந்து தங்கள் குரல் வந்ததாம்.

“ஏம்ப்பா, வெளிய வா. அவரு ஒண்ணுக்குப் போறாரு, தங்கம் கடத்தல.”

காவலாளி விதியைச் சொன்னார். விதிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீ போய் டீ குடி என்று தாங்கள் கதவைச் சாத்தினீர்கள். அவ்வளவுதான். குப்பி நிறைந்தது, அவர் வெளியே நீட்டியபோது தங்கள் கையுறையில் வழிந்தது. அதை இரண்டாகப் பிரித்து இரு குப்பிகளில் ஊற்றி, மூடி, ஒட்டுத்தாள் சுற்றி, இரண்டின்மேலும் அவரைக் கையெழுத்திட வைத்தீர்கள். எதற்கு இரண்டு என்று அவர் கேட்டதற்குத் தாங்கள் சொன்னது அவருக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

“முதல் பாட்டில் கம்பெனிக்கு. இது உங்களுக்கு. அது ஏதாவது உளறுச்சுன்னா, இது வெளியூர் லேபுல போய் உண்மையப் பேசும்.”

முதல் பாட்டில் அன்று மதியமே உளறிற்று. விழிப்பூட்டும் போதைப்பொருள் இருக்கிறது என்றது சோதனை அட்டை. அரைமணியில் கிரேன் சாவியும் தலைக்கவசமும் அவரிடமிருந்து வாங்கப்பட்டன. நீ என்ன சாப்பிட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கே வாங்கினாய் என்று மட்டும் இரண்டு பேர் தனித்தனியாக, காதோடு காதாகக் கேட்டார்கள். மேற்பார்வையாளரிடம் ஓடினார் ஓட்டுநர். அண்ணே, நீங்க குடுத்த மாத்திரைதான் போட்டேன், வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க என்றார். நானா, எப்ப குடுத்தேன் என்றார் அண்ணன். ஓட்டுநரின் மூக்கை விட்ட அடைப்பு இப்போது அண்ணனின் ஞாபகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை, சரி, இரண்டாவது குப்பி இருக்கிறதே என்கிற ஒரே நம்பிக்கையோடு அவர் தங்கள் அறைக்கு வந்தார். தாங்கள் குளிர்பெட்டியைத் திறந்தீர்கள். மேல்தட்டு முழுக்கப் பழரசப் பெட்டிகள். நடுத்தட்டில் ஒரு பூங்கொத்து, வாடாமலிருக்கப் படுக்க வைக்கப்பட்டிருந்தது. கீழ்த்தட்டில் ஒரு பெரிய கேக், அதன்மேல் வெண்ணெயால் எழுதியிருந்தது: ‘போதையற்ற பணியிடம்’.

தலைமை அலுவலகம் இம்முனையத்துக்கு அறிவித்த விருதுக்கு அன்று மாலை விழா. முந்தின நாள் தாங்கள் வீட்டுக்குப் போன பிறகு, பழரசம் சூடாகிவிடும் என்று ஸ்லைடு சார் உத்தரவிட, அலுவலக உதவியாளர்கள் இருவர் குளிர்பெட்டியில் இருந்த குப்பிகளை அட்டைப்பெட்டியோடு தூக்கி ஜெனரேட்டருக்குப் பின்னால் வைத்தார்கள். காலையில் குப்பைவண்டி வந்தது. ஜெனரேட்டருக்குப் பின்னால் இருப்பதெல்லாம் குப்பை என்பது குப்பைவண்டியின் நியாயம், அதில் பிழையில்லை. போதைப்பொருள் சோதனையின் வெற்றியைக் கொண்டாடுவதற்காகப் போதைப்பொருள் சோதனையையே குப்பையில் போட்ட ஒரு நிர்வாகத்தை உலகம் கண்டிருக்குமா என்று தெரியவில்லை. விருது கொடுத்தவர்கள் அதற்கென்று ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தால், அதையும் நாமே வாங்கியிருப்போம்.

ஓட்டுநர் அந்தக் கேக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. தம் கையெழுத்து எந்தக் குப்பைமேட்டில் எதற்கடியில் கிடக்கிறதோ என்ற நினைப்புத்தான் வந்ததாம்.

தாங்கள் நேரே போய்க் கேட்டபோது ஸ்லைடு சார் முதலில் சிரித்தார். அதென்ன பெரிய விஷயம், இன்னொரு தடவை கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். சட்ட ஆலோசகரிடம் பேசிவிட்டு வந்து, நாள் கடந்து கொடுப்பது செல்லாது, முதல் முடிவே இறுதி முடிவு என்றார். அன்று மாலை விழா நடந்தது. மேடையில் வெண்கலக் கேடயம் கை மாறியது. தற்காலிகப் பணிநீக்க உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு, வாயிலுக்கு வெளியே ஓட்டுநர் தம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறி ஓட்ட மறந்து, வீடுவரை உருட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

 வீட்டில் அவர் முகம் கழுவிவிட்டு வரும்போது, ஆணியில் தொங்கிய சட்டையின் பைகளை அவர் மனைவி ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருந்தாள். அவர் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள்.  மறுநாள் மாமனார் வந்தார், புத்தி சொல்ல. அவர் வாயைத் திறந்ததும் அறையில் சாராய நெடி அடித்தது.

“மாப்ள, குடிங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா இந்த மாத்திர கீத்திரயெல்லாம் நம்ம குடும்பத்துல பழக்கமில்ல.”

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எங்களிடம் சொன்னபோது அவரே சிரித்தார். ஆனால் கிரேன் உரிமத்தில் ஒருமுறை ‘போதை’ என்று குத்திவிட்டால், இந்தத் துறைமுகத்தில் மட்டுமில்லை, எந்தத் துறைமுகத்திலும் அவரை ஒரு கூடையைத் தூக்கக்கூட விடமாட்டார்கள். தெரிந்த தொழில் அது ஒன்றுதான். மகளின் சிநேகிதி வீட்டார், இனிமேல் பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அவர் மனைவி பையில் துழாவிக் கண்டெடுத்த காலி மாத்திரை அட்டையோடு நேரே தங்களிடம்தான் வந்தாள். அக்கா, இவரு பொய் சொல்றவரா, இல்ல நான்தான் கிறுக்கியா, சொல்லுங்க என்று கேட்டாளாம். தாங்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்தீர்கள். வாரத்தில் இரண்டு நாள் வரும் கம்பெனி டாக்டரிடம் காட்டினீர்கள். அவரும் படித்துப் பார்த்துவிட்டு, இந்த வகைச் சளி மாத்திரைகள் முதல் சோதனையை ஏமாற்றிவிடுவது உண்டு, இரண்டாவது சோதனையில் வித்தியாசம் தெரிந்திருக்கும் என்று வாயால் சொன்னார். அதையே எழுதித் தரச் சொன்னபோது, தம் ஒப்பந்தம் அந்த மாதம்தான் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது அவருக்கு நினைவு வந்தது.

வளைந்து கொடுக்காத வாய்மையே!

பிறகு தங்களை அழைத்தார்கள். இத்தனை ஆண்டுகளாகக் காகிதக் கோப்பையில் டீ வாங்கிக் குடித்த தங்களுக்கு, அன்று பீங்கான் கோப்பையில், அடியில் தட்டு வைத்து வந்தது. அதைப் பார்த்ததுமே விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டதாகப் பிறகு எங்களிடம் சொன்னீர்கள். மேசையில் ஒரு தாள் தயாராக இருந்தது. சிறுநீரின் அளவு போதாமையால் இரண்டாவது குப்பி நிரப்பப்படவே இல்லை என்று அதில் இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நிரப்பாத குப்பி குப்பைக்குப் போகாது, போகாத குப்பிக்கு யாரும் பொறுப்பில்லை, எல்லாம் சுபம். ஓட்டுநர் ஒருவர் மட்டும் தெருவில்.

“அன்னைக்கு அவரு குடுத்தது நெறஞ்சு என் கையில வழிஞ்சுது சார். ரெண்டு பாட்டிலயும் நான்தான் மூடினேன். ஒண்ண நீங்க ஜூஸ் வைக்கறதுக்காக வெளிய தூக்கிப் போட்டீங்க. அப்படி ஒரு பாட்டிலே இல்லன்னு நான் எந்தக் கையால எழுதறது?”

ஓய்வு பெறும் நேரத்தில் எதற்கம்மா இந்த வம்பு என்று ஸ்லைடு சார் கனிவோடு கேட்டார். அந்த நேரத்தில் கனிவைவிட மலிவான சரக்கு அவரிடம் இல்லை. தாங்கள் டீயைத் தொடாமல் எழுந்தீர்கள்.

“ரிட்டயர் ஆகறது வேலையிலேருந்து சார். வாயிலேருந்து இல்ல.”

விசாரணை நாளில் அதையே சொன்னீர்கள். முதல் குப்பி, இரண்டாவது குப்பி, பழரசம், பூங்கொத்து, கேக், அதன்மேல் இருந்த எழுத்து உட்பட, ஒன்று விடாமல். விசாரணை அதிகாரி பூங்கொத்துவரை எழுதிக்கொண்டு வந்தார். கேக் வந்ததும் பேனாவை மூடினார். குப்பிகளின் வரவு பதிவாகியிருக்குமே என்று ஓட்டுநர் கேட்டதற்கு, அந்தப் பதிவேடு தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். போனது எப்போது வரும் என்று சொல்ல அங்கே ஆளில்லை. அட்டைப்பெட்டியைத் தூக்கிய உதவியாளர்கள் இருவரும் வேறு வேறு ஊர்களுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். விசாரணையைத் தள்ளிவைத்தார்கள், எந்த நாளுக்கு என்று பார்த்தால், தாங்கள் ஓய்வு பெறும் நாளுக்கு அடுத்த வாரத்துக்கு. பணியில் இல்லாதவர் உள்விசாரணையில் சாட்சி சொல்ல இயலாது என்ற விதி ஒன்று இருப்பதை அப்போதுதான் எடுத்துக் காட்டினார்கள். இந்த விதியை யார் எப்போது எழுதினார்கள் என்று எங்களில் நெடுநாள் இருப்பவர்களுக்கும் தெரியவில்லை. மை மட்டும் இன்னும் காயவில்லை என்று தோன்றிற்று.

ஆக, இன்று மாலை தாங்கள் இந்த வாயிலைத் தாண்டும்போது, ஒரு செவிலியர் மட்டும் வெளியே போகவில்லை. ஒருவருடைய பிழைப்பும் பெயரும் தங்கள் கைப்பைக்குள் சேர்ந்து வெளியே போகின்றன. அதைத்தான் இந்த விழாவில் பூவும் புகழும் தூவி வழியனுப்பி வைக்கிறார்கள். சற்று முன்பு ஸ்லைடு சார் தம் உரையில், தங்களை உண்மையின் உறைவிடம் என்றும், நிறுவனத்தின் மனச்சாட்சி என்றும் போற்றினார். திரையில் தங்கள் படம் வந்தது, நாங்களும் கைதட்டினோம். அந்த உறைவிடத்தைத்தான் அடுத்த வாரம் விசாரணை அறைக்குள் நுழையவிடாமல் தடுக்கிறார் என்பது அந்தப் படங்களில் எதிலும் வரவில்லை. இதைச் சொல்லிவிட்டோம். மேடையில் இருப்பவர்கள் வேண்டுமானால் எழுந்து போகலாம். நாற்காலிகள் வாடகை நாற்காலிகள்தாம், பொறுப்பாகத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

நிற்க. பாராட்டு மடலுக்கு முதல் பத்தியை மட்டும் படித்து, அடைமொழிகள் போதுமான அளவு இருப்பதைக் கண்டு, வாசிக்கலாம் என்று ஒப்புதல் அளித்த அலுவலகத்துக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. தங்கள் சாட்சியத்தை விசாரணைத் தாளில் எழுத மறுத்தார்கள். ஆகவே அதை இதில் எழுதினோம். இருநூறு பேர் முன்னிலையில் ஒலிபெருக்கி வைத்து வாசித்தோம். அதில் ஒரு சொல் பிசகியிருந்தாலும் தாங்கள் இப்போதே எழுந்து திருத்தலாம்.

தாங்கள் தலையசைத்ததைக் கண்டோம். அது போதும்.

உள்விசாரணை எப்படி முடியும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அவரை நீக்குவார்கள். அவர் வெளியே, தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போவார், வக்கீலைப் பார்த்தாகிவிட்டது. அங்கே, ஓய்வு பெற்றவர் வாய் திறக்கக்கூடாது என்ற விதி கிடையாதாம். ஆனால் அங்கே வழக்குகள் நடக்கும் வேகம் தங்களுக்குத் தெரியாததில்லை. வாய்தா வரும், இன்னொரு வாய்தா வரும், நீதிபதி மாறுவார், எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல் வரும். அத்தனை காய்ச்சலும் தாண்டி, அந்தக் குப்பி இருந்தது, நிறைந்திருந்தது, நான்தான் மூடினேன் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். அவருக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும் இருக்கின்றன.

ஆதலால், அனைவரும் ஓய்வு பெறுபவரை வாழ்த்துவதுபோல எங்களால் பொதுப்படையாக வாழ்த்த இயலவில்லை. தாங்கள் உடல்நலத்தோடு இருந்தே ஆகவேண்டும். எங்கள் காலுக்கெல்லாம் மருந்து போட்டுவிட்டுத் தங்கள் காலுக்குப் போட மறக்கும் பழைய பழக்கம் இன்றோடு ஒழியவேண்டும். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இனிப்பை யார் நீட்டினாலும், பேரப்பிள்ளையே நீட்டினாலும், கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். நினைவு தெளிவாக இருக்கவேண்டும். குறுக்கு விசாரணையில், அது பூங்கொத்தா, பூச்சாடியா என்று குழப்பப் பார்ப்பார்கள். கோபம் குறையவே கூடாது. டாக்டர் குறைக்கச் சொன்னால், ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படுகிறது என்று அவரைக் கேளுங்கள்.

தாங்கள் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லும் நாளில் கைப்பிடித்து ஏற்றிவிட எங்களில் ஒருவர் வருவார். நம் ஓட்டுநர் திரும்பவும் தம் கிரேன் கூண்டுக்கு ஏணிப்படியில் ஏறும் நாளில், கீழே நின்று அண்ணாந்து பார்க்கத் தாங்கள் இருக்கவேண்டும், அக்கா. அதற்காக வாழ்க! அதுவரை, எந்தச் சாக்குப்போக்கும் சொல்லாமல், கட்டாயமாக வாழ்க!

தங்கள் அறைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்த,
கிரேன் ஓட்டுநர்கள், லாரி ஓட்டுநர்கள், சுமைப் பணியாளர்கள்,
கயிறு கட்டுவோர், எடைமேடைக்காரர்கள்,
துப்புரவுப் பணியாளர்கள் மற்றும் டீ மாஸ்டர்